நரி ராஜாவின் அபின் சட்டம்

கடல் தாண்டி வந்த ஒரு நரி, ஆற்றங்கரைக் காட்டுக்கு ராஜாவாகிவிட்டது. வந்ததும் எருமைகளின் நெல் வயலைப் பார்த்தது. "நெல் வேண்டாம்! இனிமேல் எல்லோரும் கசகசாச் செடிதான் போட வேண்டும்!" என்றது.

கசகசாக் காயைக் கீறினால் பால் வடியும். அதை உலர்த்தி உருட்டினால் அபின். ஒவ்வொரு உருண்டையிலும் நரி தன் பாதத்தை அழுத்தி முத்திரை போட்டது. காக்கைகள் அவற்றை வாங்கிப்போய் அக்கரை நாரைகளுக்கு விற்றன. "பாவம், அக்கரையில் எல்லோருக்கும் வயிற்றுவலி. நாம்தான் மருந்து அனுப்புகிறோம்!" என்று நரி சொன்னது. எருமைகளும் நம்பின. வெள்ளந்திகள், வேறென்ன செய்யும்!

அக்கரையில் பவழக்காலி என்றொரு நாரை இருந்தாள். அவள் கணவன் அபினைத் தின்றுவிட்டு நாள் முழுக்கச் சேற்றில் கண் செருகிக் கிடந்தான். கூடு நிறையக் குஞ்சுகள். இரை தேட அவள் ஒருத்திதான். ஒரு குஞ்சு பசியிலேயே செத்துப்போனது. மற்றவையும் துவண்டு கிடந்தன. பவழக்காலி அழுதுகொண்டு உட்காரவில்லை. அபின் வரும் இடத்தைத் தேடி ஆற்றைத் தாண்டிப் பறந்தாள்.

அன்று முத்திரை போடும் நாள். காடே கூடியிருந்தது. அந்த நாளில் நரி தன் சட்டத்தை உரக்கச் சொல்லும்; சந்தேகம் இருந்தால் யாரும் கேட்கலாம். நரிக்கு அதில் அப்படி ஒரு பெருமை!

"முத்திரை இல்லாமல் அபின் விற்றால் குற்றம்! இக்கரையில் ஒரு துளி நக்கினாலும் குற்றம்!"

"ராஜா, எனக்கொரு சந்தேகம்!" என்று பவழக்காலி முன்னால் வந்தாள். காவல் ஓநாய்கள் பல்லைக் காட்டின. அவள் ஓர் அடிகூடப் பின்வாங்கவில்லை. அடேயப்பா, அந்த ஒல்லிக் காலில் எவ்வளவு தைரியம்!

"கேள், கேள்!" என்றது நரி.

"நல்ல மருந்துதானே? இக்கரையில் ஏன் நக்கக் கூடாது?"

நரி நெஞ்சை நிமிர்த்தியது. "என் சட்டத்தின் அருமையே அதுதான்! நக்கினால் மயக்கம், சோம்பல், கடைசியில் சாவு! என் எருமைகள் படுத்துவிட்டால் வயலில் யார் உழைப்பது? என் குடிகளை எப்படிக் காப்பாற்றுகிறேன், பார்!"

எருமைகள் திடுக்கிட்டன. "மருந்துன்னு சொன்னீங்களே! அப்போ அக்கரையில இருக்கிறவங்க?" என்று கேட்டது கொம்பு ஒடிந்த எருமை.

"அது என் எல்லை இல்லை. கொண்டுபோவது காக்கைகள். என் சட்டத்தில் தப்பே இல்லை!"

பவழக்காலி எருமையிடம் திரும்பினாள். "என் குஞ்சு செத்துப்போச்சு அண்ணே" என்றாள்.

"ஐயோ தாயி! எங்க கையாலயா?" என்று எருமை கதறியது. அடுத்த நொடி வயலுக்குள் பாய்ந்தது. மற்ற எருமைகளும் பாய்ந்தன. செடியும் காயும் உருண்டையும் சேறோடு சேறாயின. ஓநாய்கள் கடித்துக் குதறியும் எருமைகள் நிற்கவில்லை. "சட்டம்! சட்டம்!" என்று நரி தொண்டை கிழியக் கத்தியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

செத்த குஞ்சு பிழைத்து வரவில்லை. ஆனால் அதன்பின் ஓர் உருண்டைகூட அந்த ஆற்றைத் தாண்டவில்லை. மயக்கம் தெளிந்து அப்பனும் இரை தேட, மற்ற குஞ்சுகள் பிழைத்துக்கொண்டன.

தன் வீட்டில் நஞ்சென்று தடுத்ததை அடுத்த வீட்டுக்கு விற்பவன், எத்தனை சட்டம் போட்டாலும் குற்றவாளியே. அவன் முகத்துக்கு நேரே அதைக் கேட்பவரே வீரர்.