வெள்ளைத் துண்டுச் சோதனை

கப்பலில் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் தணிகாசலம். வீட்டு உயரத்து டீசல் இஞ்சின்களையெல்லாம் கட்டி மேய்த்தவர். அறுபத்திரண்டாவது வயதில் பொற்கொடி அம்மாவிடம் சீடராகச் சேர்ந்தார். குருவுக்கு வயது நாற்பதுதான். முதலில் அது அவருக்குக் கொஞ்சம் உறுத்தியது, பிறகு பழகிவிட்டது.

மலைக்குகையில் நாற்பது நாள் தனியாக இருந்துவிட்டு இறங்கியவர், நேரே அம்மாவிடம் போய் நின்றார்.

"அம்மா, நாற்பது நாளாக் கோபமே வரலை. காவி கொடுத்துடுங்க."

"கொடுக்கலாம் ஐயா. அதுக்கு முன்னாடி ஒரு வேலை. நம்ம ஜெனரேட்டர் புகை கீழ ஊர்ல போய்ப் படியுதாம். துணி காயப்போட முடியலைன்னு பொம்பளைங்க வந்து திட்டிட்டுப் போனாங்க. அதைச் சரிபண்ணுங்க."

ஆசிரமத்துக்கு மின்கம்பி வரவில்லை. எல்லாம் அந்தப் பெரிய டீசல் இஞ்சின் போட்ட பிச்சைதான். ஒழுங்காகச் செய்வதென்றால் எண்ணெய் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், காற்று வடிகட்டியை மாற்ற வேண்டும், புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்றும் பொருத்த வேண்டும். பத்து நாள் வேலை. கையெட்டும் தூரத்தில் காவி இருக்கும்போது பத்து நாள் காத்திருக்க யாரால் முடியும்?

துறைமுக அதிகாரிகளிடம் காட்டிய பழைய வித்தை ஒன்று அவர் கைவசம் இருந்தது. எல்லா சுவிட்சுகளையும் அணைத்தார். சுமை இல்லாத இஞ்சின் சமர்த்தாக ஓடியது. அம்மாவைக் கூப்பிட்டு, சுவரை விட்டு நீட்டிக்கொண்டிருந்த புகைக்குழாயின் முன்னால் வெள்ளைத் துண்டைப் பிடித்துக் காட்டினார்.

"பாருங்கம்மா. பொட்டுக் கரி இல்லை."

"அட, ஆமாம். அப்படியே பிடிச்சுக்கிட்டு இருங்க" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனார்.

கிணற்று மோட்டார் உறுமியது. கூடவே மூன்று கிரைண்டர்கள், மாவு அரைக்கும் இயந்திரம், கூடத்து மின்விசிறிகள் அத்தனையும் கிளம்பின. இஞ்சின் ஒரு முறை முக்கி முனகியது. குழாயிலிருந்து குபுகுபுவென்று கரும்புகை வந்தது. துண்டு, தாடி, மூக்கு, புது வேட்டி எதுவும் தப்பவில்லை.

"எந்த மடையன்டா சுவிட்சைப் போட்டது? வெளியில வாடா! தோலை உரிச்சிடறேன்!"

மலையடிவாரம் வரைக்கும் கேட்டிருக்கும்.

பொற்கொடி அம்மா வெளியே வந்தார்.

"நான்தான் ஐயா."

தணிகாசலத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முகத்தைத் துடைக்கத் துண்டைத் தூக்கினார். அது முகத்தைவிடக் கறுப்பாக இருந்தது.

"இஞ்சினைச் சரிபண்ண எனக்குத் தெரியும்மா. பத்து நாள்ல, முழுச் சுமையிலயும் புகையில்லாம ஓட வச்சுக் காட்டறேன். ஆனா நான்? மறுபடியும் குகைக்கே போயிடட்டுமா? இன்னொரு நாற்பது நாள்?"

"வேண்டாம் ஐயா. பந்தி பரிமாற வாங்க. தினமும் முந்நூறு பேர். எல்லாருக்கும் ஒரே நேரத்துலதான் பசிக்குது."