வாயில் அப்பிய சந்தனம்

ஒரு ஊரில் ஒரு கார் இருந்தது. தணிகாசலத்தின் வாடகைக் கார். அதன் பானெட்டின் மேல் பயறு அளவில் ஒரு பீச்சான் இருந்தான். முன்கண்ணாடியில் சேறு பட்டால் தண்ணீர் பீய்ச்சுவது அவன் வேலை. யார் வம்புக்கும் போகாதவன்.

ஆயுத பூஜை வந்தது. தணிகாசலம் காரைக் கழுவி, மாலை போட்டு, சந்தனம் குழைத்தான். சக்கரத்துக்கு வை, யார் வேண்டாம் என்றது? நம்பர் பலகைக்கு வை. இந்த மனுஷனோ, துருத்திக்கொண்டு தெரிந்ததற்கெல்லாம் வைத்தான். பீச்சானின் வாயிலேயே கட்டைவிரலால் ஒரு அப்பு! மேலே குங்குமம் வேறு. கேட்டால் பக்தியாம்! வெயிலில் சந்தனம் இறுகிப்போனது.

மறுவாரம் மனைவி சுலோச்சனாவோடு கிளம்பினான். மழை விட்ட சாலை. முன்னால் போன லாரி கண்ணாடியில் சேற்றை வாரி அடித்தது. தணிகாசலம் சுவிட்சை இழுத்தான். தண்ணீர் தள்ளும் மோட்டார் உறுமியது. தண்ணீர் பீச்சானின் தொண்டை வரை வந்து முட்டி நின்றது. வைப்பர் வெறும் சேற்றைக் கரகரவென்று தேய்த்தது.

"ஐயோ, தோலை உரிக்கிறியே!" என்று அலறியது கண்ணாடி.

"தண்ணி வந்தாத்தானே? அந்தப் பீச்சானைக் கேளு!" என்று சீறியது வைப்பர்.

"நான் தள்ளித் தள்ளியே சாகிறேன். பொட்டு வச்சுட்டாங்கன்னு துரைக்குத் திமிரு," என்றது மோட்டார்.

"வாயைத் திறடா!" என்று மூன்றும் சேர்ந்து கத்தின.

பீச்சானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்த வாயைத் திறப்பான், பாவம்?

வழியில் ஒரு கடையில் தணிகாசலம் வைப்பரைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்தான். பாவம் ஓரிடம், பழி ஒரு வைப்பரிடம். கண்ணாடியைத் துணியால் துடைத்துப் புது வைப்பர் மாட்டினான்.

"ஏங்க, தண்ணியே வரலைங்க," என்றாள் சுலோச்சனா.

"உனக்கு என்ன தெரியும்? சும்மா வா."

கொஞ்ச தூரத்தில் எதிரே வந்த பஸ் மறுபடியும் சேற்றை அடித்தது. புது வைப்பர் அதைக் கண்ணாடி முழுக்க மெழுகியது. சாலையே மறைந்துபோனது. பக்கத்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த சுலோச்சனா அலறினாள்.

"ஏங்க, ஆளு!"

பிரேக் கிறீச்சிட்டது. தண்ணீர்க் குடங்களோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவரின் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி கார் நின்றது.

"கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கத்தினார் அவர்.

சுலோச்சனா இறங்கி வந்து பானெட்டைப் பார்த்தாள். தாலிச்சரட்டிலிருந்த ஊக்கைக் கழற்றிச் சந்தனத்தில் குத்தினாள்.

"ஏன்டா, இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லலை?" என்று கேட்டது ஊக்கு.

சந்தனக் கட்டி பெயர்ந்து விழுந்தது. தணிகாசலமும் இறங்கி வந்து குனிந்து உற்றுப் பார்த்தான். சுலோச்சனா உள்ளே கைவிட்டுச் சுவிட்சை இழுத்தாள். அடைத்து வைத்திருந்த தண்ணீரெல்லாம் அவன் மூஞ்சியில் பளாரென்று அறைந்தது.

"வாயை அடைச்சதும் நீங்க, பேசலைன்னு ஏசுனதும் நீங்க!" என்று வெடித்தான் பீச்சான்.

தணிகாசலம் அரண்டுபோனான். "சாமி, மன்னிச்சுக்கோ!" என்று பீச்சானைத் தொட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"கும்பிடாதே," என்றான் பீச்சான். "வழியை விடு!"