கடிகாரத்துக்கு முதுகு காட்டி

“முப்பத்தோரு வருஷம் சாமிக்கு முன்னால நின்னேன் அம்மா. ஒரு நாள்கூட நல்லாப் பார்க்கலை.”

குருவிடம் நான் சொன்ன குறை இதுதான்.

குருவின் பெயர் அமுதவல்லி. என்னைவிட இருபத்திரண்டு வயது சின்னவர். நான் அவரை அம்மா என்பேன். அவர் என்னை ஐயா என்பார்.

நான் வேதரத்தினம். பெரிய கோயில் ஒன்றில் கருவறைக்கு எதிரே நின்று வரிசையை நகர்த்துகிற வேலை பார்த்தவன். சாமிக்கு முதுகு, கூட்டத்துக்கு முகம். “நகருங்க, நகருங்க, பின்னால ஆள் நிக்குது.” விசேஷ நாளில் என்னைப் போல் கூட்டத்தை நகர்த்த அங்கே ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

“ஓய்வு பெத்த பிறகு போய்ப் பார்த்திருக்கலாமே?” என்றார் குரு.

“போனேன். தலையை நிமிர்த்தினதும் பின்னால யாரோ காத்துக்கிட்டு நிக்கிற மாதிரியே இருந்துச்சு. நானே நகர்ந்துட்டேன்.”

“எதைப் பார்த்தாலும் அப்படித்தானா?”

“எதைப் பார்த்தாலும் அப்படித்தான். முப்பத்தோரு வருஷமும் வீணாப் போச்சோன்னு ராத்திரி தூக்கம் வரலை. வீணா இல்லையான்னு நீங்கதான் சொல்லணும்.”



“பாஸ்போர்ட் இருக்கா?” என்றார் குரு.

*

ஐரோப்பாவில் பிராக் நகரம். முதுகில் ஆளுக்கு ஒரு பை. ஓர் அறையில் எட்டுப் பேர் படுக்கிற விடுதி. எனக்கு மேல் கட்டில் கிடைத்தது. அறுபது வயதில் ஏணி ஏறித் தூங்கினேன், விழவில்லை. இதுவும் பெருமைதான்.

“ஊரைச் சுத்திப் பாருங்க ஐயா. ஒரு அவசரமும் இல்லை.”

சொல்லிவிட்டுக் குரு ஆற்றங்கரையில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்க்க ஆரம்பித்தார்.

நான் சுற்றினேன். கோட்டை, பாலம், ஏழு தேவாலயம், இரண்டு கோபுரம். மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

குரு அதே இடத்தில்தான் இருந்தார். ரொட்டி பாதி மிச்சம்.

“பாலத்துல சிலையெல்லாம் எப்படி இருக்கு?”

“வரிசையா இருக்கு அம்மா.”

“எதுக்கு முன்னால நின்னீங்க?”

“நிக்கலை.”

“ஆத்துல அன்னம் போச்சே?”

நான் செல்போனை எடுத்துப் படங்களைத் தள்ளிப் பார்த்தேன். அன்னம் இருந்தது. நான்தான் எடுத்திருக்கிறேன்.

*

மறுநாள் என்னைக் கடிகாரத்துக்குக் கூட்டிப் போனார்.

ஊர் நடுவே பழைய கட்டடம் ஒன்றின் சுவரில் பெரிய கடிகாரம். மணிக்கு ஒரு தடவை, மேலே இரண்டு சின்னக் கதவு திறக்கும். இயேசுவின் சீடர்கள் மரப்பொம்மைகளாக ஒவ்வொருவராய் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். சேவல் ஒன்று கூவும். கதவு மூடிக்கொள்ளும். ஒரு நிமிஷம் இருந்தால் அதிகம். அதற்கு உலகத்து ஜனமெல்லாம் முன்கூட்டியே வந்து நிற்கிறது.

நம் ஊரில் திரை விலகக் காத்திருப்பது போலத்தான்.

பத்து மணி. கதவு திறந்தது. தலையை நிமிர்த்தினேன். ஒரு பொம்மையைப் பார்த்திருப்பேன். முதுகு குறுகுறுத்தது. கை தானாக நீண்டது.

“நகருங்க, நகருங்க.”

தமிழில்தான். பக்கத்தில் சிவப்புத் தொப்பி போட்ட வெள்ளைக்கார அம்மாள், பாவம், நகர்ந்துவிட்டாள். சேவல் கூவியது.

எனக்கு மானம் போயிற்று.

“பார்த்தீங்களா அம்மா? எனக்குக் கொடுத்து வைக்கலை. நான் ஊருக்குக் கிளம்பறேன்.”

“பதினோரு மணிக்கு மறுபடி திறக்கும்.”

“திறந்து என்ன? நான் பார்க்கப் போறதில்லை.”

“பார்க்க வேண்டாம். உங்க இடத்துல போய் நில்லுங்க.”

“என் இடமா?”

குரு கடிகாரத்துக்கு நேர் கீழே கையைக் காட்டினார்.

போய் நின்றேன். கடிகாரத்துக்கு முதுகு, கூட்டத்துக்கு முகம். கால்கள் அந்த இடத்தை உடனே கண்டுகொண்டன.

கூட்டம் சேர்ந்தது. பேச்சு, சிரிப்பு, ஒரு குழந்தையின் அழுகை. தாடிக்காரர் ஒருவர் எதையோ மென்றுகொண்டிருந்தார். சிவப்புத் தொப்பி அம்மாளும் மறுபடி வந்திருந்தாள்.

என் தலைக்கு மேல் மணி அடித்தது.

அத்தனை முகமும் நிமிர்ந்தது.

தாடிக்காரரின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. ஓரமாக ஒரு போலீஸ்காரர். தினமும் பார்க்கிறவராகத்தான் இருப்பார். அவரும் நிமிர்ந்தார். சிவப்புத் தொப்பி அம்மாளுக்கு உதடு கொஞ்சம் பிரிந்து, கண் நனைந்து, பத்து வயது முகமாக ஆகிவிட்டது.

இந்த முகம் எனக்குத் தெரியும்.

கற்பூரம் காட்டுகிற நேரத்தில், கை எட்டுகிற தூரத்தில், தினமும் பார்த்த முகம். அர்ச்சகர் பார்த்ததில்லை, அவர் சாமி பக்கம் திரும்பியிருப்பார். வரிசையில் நிற்கிறவர்கள் பார்த்ததில்லை. அந்த இடத்தில் திரும்பி நின்றவன் நான் ஒருத்தன்தான்.

அழுதேன். வெட்கமாக இல்லை.

சேவல் கூவியது. கூட்டம் கலைந்தது. மஞ்சள் கொடி பிடித்த வழிகாட்டி ஒருவர் தன் ஆட்களை அவசரப்படுத்திக்கொண்டு வந்தார். சிவப்புத் தொப்பி அம்மாள் மட்டும் மூடின கதவையே பார்த்துக்கொண்டு வழியில் நின்றாள். அவர்கள் அவளை இடிக்கப் போனார்கள்.

என் கை நீண்டது, அவர்கள் பக்கம்.

“இருங்க. அவங்க நல்லாப் பார்க்கட்டும்.”

நின்றுவிட்டார்கள். பழகின கை அல்லவா?

அவள் போன பிறகும் நான் நகரவில்லை. பன்னிரண்டு மணிக் காட்சிக்குக் கூட்டம் சேர ஆரம்பித்தது. குரு பையை மாட்டிக்கொண்டு வந்து எனக்கு எதிரே நின்றார்.

“முப்பத்தோரு வருஷத்தைப் பத்தி ஒண்ணு கேட்டீங்களே ஐயா. பதில் சொல்லட்டுமா?”

“கொஞ்சம் நகருங்க அம்மா,” என்றேன். “பின்னால நிக்கிறவங்க முகம் தெரியலை.”