மனவுறுதி காட்டும் தங்கநீர்

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் நம்பியதில்லை. சொன்னவர் தணிகாசலம். எங்கள் கல்லூரி வேதியியல் ஆய்வுக்கூடத்தில் எனக்கு அடுத்த மேசைக்காரர். கதையில் வரும் ராயசம் பொன்னையா தன் முன்னோர் என்பார். ஆசிரியர் சங்கத் தேர்தலில் நிற்கும்போதெல்லாம் இதைச் சொல்வார். அவர் நிற்காத தேர்தல் கிடையாது. கதையிலுள்ள வேதியியலை நானே குடுவையில் செய்து பார்த்துவிட்டேன். அது சரிதான். மனிதர்கள்தான் இடிக்கிறார்கள். ஒருவேளை இடிப்பது என் மனசாகவும் இருக்கலாம். எப்படியோ, அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

மருதங்காட்டுப் பாளையத்தில் வீரபூபதி என்று ஒரு ராஜா. அவருடைய முதல் மந்திரியான பிரதானி இறந்துபோனார். முத்திரை மோதிரம் போட விரல் இல்லாமல் கிடந்தது.

"அறிவாளி வேண்டாம்" என்றார் ராஜா. "காலையில் ஒன்று சொல்வான், சாயங்காலம் ஒன்று சொல்வான். மனவுறுதி உள்ளவன்தான் எனக்கு வேண்டும்."

படைத்தலைவர் தளவாய் விருப்பாட்சிக்கு அந்த மோதிரத்தின் மேல் வெகுநாள் ஆசை. "உறுதியை அளந்து காட்ட நம் ரசவாதி இருக்கிறாரே, மகாராஜா!" என்றார்.

ரசவாதி அம்பலத்தாடி, அரண்மனைத் தோட்டத்துக் கொட்டகையில் செம்பைப் பொன்னாக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தவர். புருவம் இரண்டும் கருகிப்போன மனிதர். செம்பு மட்டும் செம்பாகவே இருந்தது. கரி செலவு கட்டாது, கொட்டகையைப் பூட்டுங்கள் என்று ராஜா அப்போதுதான் உத்தரவு போட்டிருந்தார்.

அந்தச் சபையில் இரண்டு வழக்கங்கள் உண்டு. உள்ளே நுழையும்போது ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தை ராஜா கையில் கொடுக்க வேண்டும். பிறகு வெற்றிலைத் தட்டு சுற்றி வரும். ராஜா உட்பட யாரும் அடுத்தவன் மடித்த வெற்றிலையைத் தொடக்கூடாது. ராஜாவின் தாத்தா அப்படி மடித்துக் கொடுத்த வெற்றிலையில்தான் செத்துப்போனார். அதனால் அவரவர் வெற்றிலைக்கு அவரவர் விரலாலேயே சுண்ணாம்பு தடவிக்கொள்வார்கள்.

சோதனை நாளன்று வெற்றிலை போட்டு முடிந்ததும் ரசவாதி வந்தார். ஆளுக்கொரு வெள்ளிக் கிண்ணம். உள்ளே மஞ்சளாய், கற்பூர வாசனையோடு ஒரு நீர்.

"நூறு புடம் போட்ட தங்கநீர். உறுதி உள்ளவன் விரல் வைத்தால் பொன்னிறம் மாறாது. ஆட்டம் காணும் மனசென்றால் சிவந்துவிடும்."

"கிண்ணம் சிவந்தவன் பொழுது சாய்வதற்குள் என் பாளையத்தை விட்டுப் போகவேண்டும்!" என்றார் ராஜா.

கருவூலக்காரர் சபாபதி முதலில் விரல் வைத்தார். சிவந்தது.

"ஐயோ மகாராஜா! நான் எவ்வளவு உறுதியானவன் தெரியுமா?" என்று அழுதார்.

"உறுதியாகத்தான் அழுகிறீர். அடுத்த ஆள்!"

அடுத்தடுத்து எல்லாக் கிண்ணமும் சிவந்தது. தளவாய் வந்தார். விரலை வைத்தார். பொன்னிறம் அப்படியே நின்றது. ராஜா மோதிரத்தைக் கையில் எடுத்துவிட்டார்.

கடைசியில் ஓலை எழுதும் ராயசம் பொன்னையா. அவர் கிண்ணமும் சிவந்தது.

"என்ன ராயசம், மூட்டை கட்டலாமா?" என்றார் தளவாய்.

"கட்டுகிறேன். ஆனால் சபையில் இன்னும் ஒருவர் விரல் வைக்கவில்லையே."

எல்லோரும் ராஜாவைப் பார்த்தார்கள்.

"எனக்கே சோதனையா?"

"சோதனையா? ராஜா விரல் பட்டால் தங்கநீர் எப்படி ஜொலிக்கும்! அதைப் பார்த்துவிட்டு ஊரைவிட்டுப் போகிறோமே."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. விரலை வைத்தார். கிண்ணம் செம்பருத்தியாய்ச் சிவந்தது.



"இப்போது யாரய்யா ஊரைவிட்டுப் போவது?" என்றார் ராஜா, மெதுவாக.

பொன்னையா மடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தார். நறுக்கி, ராஜாவின் கிண்ணத்தில் பிழிந்தார். நீர் பழையபடி மஞ்சளாயிற்று.

"மகாராஜாவுக்கு உறுதி திரும்பிவிட்டது." தன் கிண்ணத்திலும் பிழிந்தார். "எனக்கும் வந்துவிட்டது. இன்னும் அரைப்பழம் இருக்கிறது. சபாபதி ஐயா, கிண்ணத்தை இப்படி நீட்டுங்கள்."

"என்னய்யா கூத்து இது?"

"மஞ்சள் தண்ணீர், மகாராஜா. வாசனைக்குக் கற்பூரம். சுண்ணாம்பு பட்டால் சிவக்கும், புளிப்பு பட்டால் திரும்பும். பட்டமேற்றபோது தங்களுக்குச் சுற்றிய ஆரத்தித் தண்ணீர்தான் இது. நம் எல்லார் விரலிலும் சுண்ணாம்பு இருக்கிறது."

"தளவாயும் என் கண்ணெதிரே வெற்றிலை மென்றாரே!"

"மென்றார். நாக்கை நீட்டச் சொல்லுங்கள்."

"நாக்கா?" என்று கத்தினார் தளவாய். "பத்துப் போர் கண்டவன் நான்! சபை நடுவில் நாக்கை நீட்டுவேனா?"

நீட்டத் தேவையே இருக்கவில்லை. கத்திய வாய்க்குள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். மற்றவர்கள் வாயெல்லாம் செக்கச்செவேல். அவர் வாய் மட்டும் பச்சை.

"சுண்ணாம்பு தொடாமல் மென்றால் வாய் சிவக்காது, மகாராஜா. இன்றைக்குச் சுண்ணாம்பு ஆகாதென்று அவருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது."

ராஜா சிரித்த சிரிப்பில் கழுத்துமாலை குதித்தது. "இனி சபை கூடும்போதெல்லாம் சுண்ணாம்புத் தட்டை ஏந்தி வருவது தளவாய்தான்!"

ரசவாதி காலில் விழுந்தார். கொட்டகை போய்விடுமே என்ற பயத்தில் தளவாய் சொன்னதற்கு உடன்பட்டதாக அழுதார். அவருக்காகவும் பொன்னையாவே பேசினார்.

"இவரை மன்னிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் செம்பு செம்பாகவே வருகிறது. மறுநாள் திரும்பவும் அடுப்பு மூட்டுகிறார். தாங்கள் தேடிய உறுதி இந்தப் பாளையத்தில் இவரிடம் மட்டும்தான் இருக்கிறது. கொட்டகை இருந்துவிட்டுப் போகட்டும்."

கொட்டகை தப்பியது. மோதிரம் பொன்னையாவின் விரலுக்குப் போனது.

இந்த வருடமும் தணிகாசலம் ஓட்டுக் கேட்டு என் மேசைக்கு வந்தார். கதையைச் சொல்லி, வழக்கம்போல மோதிரத்தில் முடித்தார். கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்று ஒவ்வொரு தேர்தலிலும் விழுங்கிய கேள்வி ஒன்று எனக்கு இருந்தது. இந்தத் தடவை கேட்டுவிட்டேன்.

"சார், ராஜாவுக்கு உண்டான பழத்தை உள்ளே நுழையும்போதே கொடுத்தாச்சு. உங்க பாட்டன் மடியில அன்னைக்கு இன்னொரு பழம் எதுக்கு இருந்தது?"