அறுப்பவன் கூறு

குருவிமலை ஜமீன்தாருக்கு வேட்டை என்றால் உயிர். பங்கு கொடுப்பதென்றால் உயிரே போய்விடும்.

அந்த ஊரில் அடித்த பன்றியை அறுப்பவனேதான் கூறும் போடுவான். ஒருவர் கூறுகளுக்கு முதுகு காட்டி நின்று, பார்க்காமலே எந்தக் கூறு யாருக்கென்று பெயர் சொல்வார். இதில் ஜமீன்தாருக்கும் விலக்கில்லை. கடைசியில் மிஞ்சும் கூறு அறுத்தவனுக்குக் கூலி.

அன்று பெரிய பன்றி விழுந்தது. அறுக்க வந்த மாடக்கண்ணு மயிரைப் பொசுக்கிவிட்டுக் கத்தியைத் தீட்டினான். அவன் வீட்டில் உலை வைத்துக் காத்திருந்தார்கள்.

"சுட்டது நான், விரட்டினது இவங்க," என்றார் ஜமீன்தார், வேட்டைக்குக் கூட வந்தவர்களைக் காட்டி. "செத்ததை வெட்டுறவனுக்கு எதுக்குலே பங்கு? அறுத்துப் போட்டுட்டுப் போ."

"உத்தரவு எசமான்."

மாடக்கண்ணு அறுத்து முடித்தான். ஒரு கூறு முழுக்கத் தொடையும் ஈரலும். மற்றக் கூறுகள் முழுக்கக் குளம்பும் எலும்பும். பெயர் சொல்ல யாரும் முன்வரவில்லை.

"என்னலே இது? எனக்குக் குளம்பு விழுந்தா?"

"விழலாம் எசமான். கடைசிக் கூறு எனக்குன்னா, எதிலே குறைச்சாலும் என் தலையிலதான் விடியும்னு பயந்து சமமாப் போடுவேன். இன்னைக்கு எனக்கு என்ன பயம்?"

வேட்டைக்கு வந்தவர்கள் ஜமீன்தாரைப் பார்த்தார்கள். ஜமீன்தார் குளம்பைப் பார்த்தார்.

"சரி, உனக்கும் ஒண்ணு சேர்த்துப் போடு."

மாடக்கண்ணு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, மறுபடி கத்தியை எடுத்தான். இந்தத் தடவை ஈரலைக்கூட விரலளவு நறுக்கிப் பிரித்து வைத்தான். கடைசியில் அவனுக்கு மிஞ்சிய கூறுக்கும் ஜமீன்தார் கூறுக்கும் ஓர் எலும்புகூட வித்தியாசமில்லை.