கீழப்பற்றில் ஒரு கூடை மண்

கூட்டத்துக்கு முந்தின நாள் காலையில் நல்லசிவன் மடத்துக்கு வந்தார். ஆவுடையம்மை கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். வயதில் அவர் மகளைவிடச் சிறியவள். ஆனாலும் அவர் தேடிவந்து பணிந்த குரு அவள்தான்.

"அம்மா, கீழப்பற்று வயல்களை வீட்டுமனையாக மாற்றலாமா என்று நாளை ஊராட்சி மன்றத்தில் முடிவெடுக்கிறார்கள். உறுப்பினர்கள் சரிபாதியாக நிற்கிறார்கள். என் கை ஒன்றுதான் மிச்சம்."

"மாற்றச் சொல்கிறவர்கள் எதற்காகச் சொல்கிறார்கள்?"

"ஆற்றுத் தண்ணீர் வருவதில்லை. ஆழ்துளை போட்டால் உப்பு. பசியில் கேட்கிறார்கள்."

"வேண்டாம் என்கிறவர்கள்?"

"அவர்களும் பசியில்தான்."

அவள் துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

"நீங்கள் மனை பார்க்கிறவர். அந்த மண்ணைப் பார்த்தீர்களா?"

நல்லசிவன் தலை குனிந்தார். ஒரு முழம் குழி தோண்டி, எடுத்த மண்ணை அதிலேயே போட்டு மூடுவார். மண் மிஞ்சினால் குடியிருக்க உத்தமம். குறைந்தால் ஆகாது. வட்டாரத்தில் பல வீடுகள் அவர் சொல்லை நம்பி எழுந்தவை. கீழப்பற்றில் இருந்த தன் நிலத்தை மட்டும் அவர் பார்த்ததில்லை.

இருவரும் நடந்தார்கள். வழியெங்கும் மஞ்சள் பூசிய எல்லைக் கற்கள் நின்றன.

"முடிவு நாளைக்குத்தானே?" என்றாள்.

"கல்லுக்குப் பொறுமை இல்லை அம்மா."

அவர் வயல் வெடித்து, கருவேல் முளைத்துக் கிடந்தது. அடுத்தது சொர்ணத்தின் வயல். வாய்க்காலில் எப்போதாவது வரும் தண்ணீர் அவர் வயலைக் கடந்துதான் அவளுக்குப் போக வேண்டும். அந்த ஈரத்தை நம்பி அவள் உளுந்து போட்டிருந்தாள்.

அவர் தன் வயலில் குழி தோண்டினார். மூடினார். ஒரு சாண் பள்ளமாகவே நின்றது.

"குறைகிறது அம்மா."

"குறைந்தால் வழக்கமாக என்ன செய்வீர்கள்?"

அவர் தயங்கினார். "வீடு கட்ட வந்தவன் முகம் வாடக் கூடாதே. அவன் வெற்றிலை வாங்கப் போகிற நேரத்தில், பக்கத்திலிருந்து ஒரு கூடை அள்ளிப் போட்டுவிடுவேன்."

"இப்போதும் போடுங்கள்."

அவர் வரப்பைத் தாண்டி மண்வெட்டியை ஓங்கினார். களை பறித்துக்கொண்டிருந்த சொர்ணம் நிமிர்ந்து இடுப்பில் கைவைத்தாள்.

"என்ன மாமா, என் வயல்ல வெட்டுறீங்க?"

"ஒரு கூடைதான் ஆத்தா."

"நாளைக்கு நீங்க கை தூக்கினா உங்க வயல் மேடாயிடும். எனக்குத் தண்ணி வர்ற வழி அடைஞ்சுபோயிடும். முழுசா எடுத்துக்கப் போறவருக்கு இன்னிக்கு ஒரு கூடை எதுக்கு? அச்சாரமா?"

அவர் ஓங்கிய மண்வெட்டியை இறக்கினார். உளுந்துச் செடிகள் சில வேரோடு வந்தன. கூடையைக் கொண்டுபோய்த் தன் குழியில் கொட்டினார். குழி நிரம்பி, மேலே சிறு குவியலாக மண் நின்றது.

"மிஞ்சிவிட்டது." அவர் குரலில் நிம்மதி தெரிந்தது. "உத்தமம். நாளைக்குக் கை தூக்கலாம் இல்லையா அம்மா?"

ஆவுடையம்மை சொர்ணத்தின் வயலுக்குப் போனாள். அவர் வெட்டிய பள்ளத்தின் ஓரத்தில் நின்றாள்.

"இதை எந்த மண்ணால் மூடுவீர்கள்?"

"பக்கத்து வயலில்…" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

சொர்ணத்தின் வயல்தான் கடைசி. போன வருஷம் பயிர் கருகியபோது தன் கதையை முடித்துக்கொண்ட அவள் கணவனை, அதற்கப்பால்தான் புதைத்திருந்தார்கள்.

"அந்தப் பக்கம் வயல் இல்லை அம்மா. இடுகாடுதான்."

சொர்ணம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அங்கே போய் அள்ளிக்கொள்ளுங்கள்," என்றாள் ஆவுடையம்மை. "அங்கே மூடுகிற குழியில் எப்போதும் மண் மிஞ்சும்."