மாப்பிள்ளைக் கணுக்கால்

ஒரு காலில் கணுக்காலும், அதற்குப் பின்னால் குதிகாலைப் பிடித்து இழுக்கும் குதிநரம்பும் ஒன்றாகக் குடியிருந்தன. காலுக்குச் சொந்தக்காரி பரிமளா. வங்கியில் வேலை, விடிந்தால் பூப்பந்து. பந்துக்கு அவள் எம்பும்போது கணுக்கால் வளைந்து கொடுக்கும், குதிநரம்பு உந்திவிடும். இரண்டுக்கும் அதில் ஒரே குஷி.

ஒருநாள் ஓரத்துப் பந்தைத் துரத்திப்போய் பரிமளாவுக்குக் கால் பிசகிவிட்டது. கணுக்கால் பூரியாக உப்பியது.

அன்றுமுதல் அதற்கு மாப்பிள்ளை உபசாரம்தான். ஐஸ் ஒத்தடம் என்ன, கிரேப் பேண்டேஜ் என்ன, தலையணைமேல் இருக்கை என்ன! வீக்கம் வடிந்தது, மாப்பிள்ளை முறுக்கு வடியவில்லை. பரிமளா மறுபடி ஆட இறங்கியபோதும் கணுக்கால் விறைத்துக்கொண்டே நின்றது.

"கொஞ்சம் வளைஞ்சு குடுங்க மாப்பிள்ளை" என்றது குதிநரம்பு.

"நான் அடிபட்ட ஆளு. நீயே பாத்துக்க மச்சான்."

மச்சான் பார்த்துக்கொண்டது. இரண்டு பேர் வேலையையும் ஒற்றை ஆளாக இழுத்தது. பாவம், காலையில் கட்டிலைவிட்டு இறங்கும்போதே அதற்கு உயிர் போயிற்று. என்றைக்காவது அறுந்துவிடுவோமோ என்று பயம் வேறு. பரிமளாவோ, "பாழாப்போன சுளுக்கு விடமாட்டேங்குதே" என்று மாப்பிள்ளைக்கே தைலம் தேய்த்தாள். வங்கிகளுக்கிடையேயான பூப்பந்துப் போட்டி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில், கூட ஆடும் ஷகிலா குனிந்து கேட்டாள்: "எங்கடி வலிக்குது? தொட்டுக் காட்டு."

பரிமளாவின் விரல் கணுக்காலைத் தாண்டிப் பின்பக்கம் போய் நின்றது.

"அடிப்பாவி, இது சுளுக்கு இல்லடி, குதிநரம்பு! இதோட போட்டியில குதிச்சேன்னா அறுத்துக்கிட்டுத்தான் வருவே."

கணுக்காலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மச்சான் அறுந்தால் அப்புறம் யாரை நம்பி எம்புவது?

அந்தப் போட்டிக்குப் பரிமளா போகவில்லை. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தபடி சுவரைப் பிடித்துக்கொண்டு முழங்காலை முன்னே மடக்கினாள், குதிகாலை மெல்ல உயர்த்தி இறக்கினாள். கணுக்கால் முனகிக்கொண்டே வளைந்தது. அது வளைய வளைய மச்சானின் பாரம் குறைந்தது. அவசரப்படாமல் வாரக்கணக்கில் இது நடந்தது.

பிறகு ஒரு காலை. பந்து உயர வந்தது, பரிமளா எம்பி அடித்தாள். இரண்டும் சிரித்துக்கொண்டே தரையிறங்கின.

"இம்புட்டு வலியை வச்சுக்கிட்டு வாயே தொறக்கலியே மச்சான்!"

"தொண்டை கிழியக் கத்தினேன் மாப்பிள்ளை. ஒவ்வொரு தடவையும் ஓடிவந்து உங்களைத்தான் நலம் விசாரிச்சாங்க."